முள் காட்டிய வழி

இனி எந்த ஊரிலும் எவனிடமும் வழி கேட்பதில்லை என்று சர்தார் பாய் முடிவு செய்தார். முடிவு செய்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். தட்டில் கிடந்த தோசையை அப்படியே விட்டு எழுந்து நின்று அறிவித்தார்.

"அதை உக்காந்து சொன்னா ஆகாதுங்களா? தோசை ஆறுது" என்றாள் மனைவி அமீனா.

பாயின் கோபத்தில் நியாயம் இருந்தது. தர்மபுரியில் புளி மண்டி வைத்திருப்பவர் அவர். தலையில் கூடை சுமந்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டக் கற்றுக்கொண்டு மேலே வந்தவர். காய் மரத்தில் நிற்கும்போதே தோப்பைப் பார்த்து விலை பேசி முடிப்பதுதான் தொழில். போன வாரம் ஒரு ஊரில் தோப்புக்கு வழி கேட்டார். வழி சொன்னவன் சொன்னதோடு போனானா? புதிதாய் வாங்கிய பழைய அம்பாசடரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். தோப்பில் இறங்கியதும் தோப்புக்காரன் பக்கம் போய் நின்றுகொண்டான். "இதுக்குன்னே கார் போட்டுட்டு வந்திருக்காருங்க. எவ்வளவு கேட்டாலும் குடுப்பாரு" என்றான். பேரம் அங்கேயே படுத்துவிட்டது.

"ஆளைக் கேட்டாத்தானே ஆபத்து? ஒரு கருவியைக் கேக்கறேன்!" என்றார் பாய்.

முதலில் கடைவீதியில் வெங்கடாசலத்தின் புத்தகக் கடைக்குப் போய் ரோடு மேப்பை விரித்தார். சென்னை இருந்தது. சேலம் இருந்தது. இண்டூர் கடுகளவு இருந்தது. அதற்கப்பால் வெறும் பச்சை.

"புளியந்தோப்பெல்லாம் எங்கய்யா இதுல?"

"தோப்பெல்லாம் போட மாட்டாங்க பாய்."

"பாதி ஊரைக் காணோம். பாதி விலை போடு."

வெங்கடாசலம் அசரவில்லை. பாய் மேப்பை மடிக்கப் பார்த்தார். அது ஒரு பக்கம் மடிந்தால் மறுபக்கம் எழுந்தது. மடிக்க வராத சாமானை வாங்க மாட்டேன் என்று கடைமேல் விரித்தபடியே போட்டுவிட்டு வந்தார்.

அப்போதுதான் ஜித்தாவில் வேலை பார்க்கும் தெருக்காரன் காஜா ஊருக்கு வந்திருந்தான். அவனிடம் உள்ளங்கையளவு திசைகாட்டி ஒன்று இருந்தது. பித்தளை மூடி, கண்ணாடி, உள்ளே நடுங்கும் முள்.

"தொழுகைக்குத் திசை பாக்க வாங்கினதுண்ணே. முள் எப்பவும் வடக்கேதான் நிக்கும்."

ஒரு சிப்பம் புளியும் ஒரு மணி நேரச் சத்தமும் கொடுத்து அதை வாங்கினார்.

வீட்டில் அமீனா வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பாய் திசைகாட்டியை அவள் எதிரே வைத்துவிட்டு, உத்தரத்தைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"ஆளு பொய் சொல்வான். இது சொல்லாது. பூமியே தலைகீழா நின்னாலும் இந்த முள் அசையாது. தெரியுதா?"

அமீனாவுக்குத் தெரிந்தது. அவள் கையில் இருந்த இரும்புப் பாக்குவெட்டியைப் பார்த்து முள் திரும்பியிருந்தது. இந்தப் பக்கம் கொண்டுபோனாள். முள் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் போனது. வீட்டுக்காரரைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கிறதே என்று வியந்து, வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டாள். எதையும் கண்டவுடனே சொல்லிவிடும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. "என்னங்க, வஹிதாவுக்கு ஏழு மாசம் முடிஞ்சிருச்சு. தலைப்பிரசவம். இங்க கூட்டியாரணும்."

"யாரு வேணாங்கறா? அந்த நசீருதீன் ஒரு வார்த்தை பேசட்டும்."

நசீருதீன் பாப்பாரப்பட்டிக்காரர். வஹிதாவின் மாமனார். ஊருக்கு வெளியே புதுவீடு கட்டும்போது, தேக்குக் கதவுக்கு என்ன கொடுத்தேன் தெரியுமா என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னார். "நல்லா ஏமாந்துட்டீங்க சம்பந்தி" என்றார் நம்ம பாய், கடை முழுக்கக் கேட்கும்படி. அன்றோடு பேச்சு நின்றது. புதுவீட்டுக்கு அழைப்பு ஆள்மூலம் வந்தது. அமீனா மட்டும் போய்வந்தாள், பாய் போகவில்லை. அந்த வீடு எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

"நீங்க வாசலுக்கு வந்து பேசினா அனுப்பறேங்கறாரு" என்றாள் அமீனா.

"நான் முதல்ல வாயைத் தொறக்கவா? முதல்ல வாயைத் தொறந்தவன் பேரத்துல தோத்தான்!"

"இது புளி இல்லீங்க. புள்ள."

அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார். மகளை நினைத்து அவருக்கும் தாங்கவில்லை. அது தெரியாமலிருக்க மண்டி ஆட்களைத் திட்டிக்கொண்டே வெளியே போனார்.

வெள்ளி கழிந்து சனிக்கிழமை, இண்டூருக்கு வடக்கே ஒரு தோப்பு பார்க்கக் கிளம்பினார். "நானும் வரேங்க, வூட்டுலயே கிடந்து சலிப்பா இருக்கு" என்று அமீனா முன்சீட்டில் ஏறினாள். மடியில் வெற்றிலைப் பெட்டி.

இண்டூர் தாண்டியதும் தார் ரோடு போய் மண் ரோடு வந்தது. முதல் கவட்டையில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. பாய் வண்டியை நிறுத்தி, இருவருக்கும் நடுவே, முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த திசைகாட்டியைக் குனிந்து பார்த்தார். அமீனா பாக்குவெட்டியை எடுத்து அதன் இடப்பக்கம் வைத்தாள்.

"இடது!" என்றார் பாய்.

அடுத்த கவட்டையில் அவளுக்கு வலப்பக்கம் வெயில் அடித்தது. முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்து பாக்கு வெட்டினாள்.

"வலது! பாத்தியா, எப்படித் துடியாச் சொல்லுது!"

"ஆமாங்க. கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரியே இருக்குது."

எதிரே சைக்கிளில் வந்த தர்மன் என்ற விவசாயி இறங்கி நின்றார். "எங்கீங்க போவணும்? இது பாப்பா..."

பாய் ஹாரனை அழுத்தினார். ஊரையே சொல்லவிடாமல் அழுத்தினார். தர்மனின் வாய் அசைந்தது, கை ஆடியது, பிறகு தலையில் அடித்துக்கொண்டது. எல்லாம் ஹாரனில் மூழ்கியது.

"பாத்தியா, வழிய வந்து புரோக்கர் வேலை பாக்கறானுங்க!"

சற்று தூரத்தில் காய்த்துத் தொங்கும் புளியமரங்கள் தெரிந்தன. பாய் பரவசமானார். மரங்களுக்கு நடுவே புது வீடு. முகப்பில் யானை உயரத்துக்குத் தேக்குக் கதவு. வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"யாரோ கதவுக்குன்னே நிலத்தை வித்திருக்கான்டி. நல்லா ஏமாந்தவன்! இவன்கிட்ட தோப்பு பேரம் சுலபம்."

கதவு திறந்தது. நசீருதீன் வெளியே வந்தார்.

பாயின் தாடை தொங்கியது. நசீருதீன் வாயைத் திறக்கவில்லை. பாயும் திறக்கவில்லை. எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அமீனா முன்பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "வண்டியில வர்றவங்கதான் நடந்து வர்றவங்களுக்கு முதல்ல சலாம் சொல்லணும், இல்லீங்களா?"

கார் வாங்கிய நாளிலிருந்து அதைச் சொல்லியே கடைவீதி முழுக்க வண்டியை நிறுத்தி நிறுத்தி சலாம் சொன்னவர் அவர்தான். காரை எல்லாரும் பார்க்க வேண்டாமா? இப்போது மறுக்க முடியுமா?

சட்டென்று கதவைத் திறந்து குதித்தார். இப்போது அவரும் நடப்பவர். கணக்கு சரி!

நசீருதீன் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும்.

பாய்க்கு வியர்த்தது. தானும் உட்கார இடம் தேடினார். புளியமரத்து வேர்தான் இருந்தது. அதை நோக்கி ஓரடி வைப்பதற்குள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், மாப்பிள்ளை என எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர்தான் பலருக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும். அதிலும் முறை அவருடையதே.

கூட்டத்தில் கடைசியாக வஹிதா வந்தாள். இடுப்பில் கையை ஊன்றி, மெல்ல, மூச்சு வாங்க வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அத்தா..." என்றாள்.

பேரமாவது மண்ணாவது! "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் பாய். குரல் பாதியில் உடைந்தது.

"வ அலைக்கும் ஸலாம்!" நசீருதீன் நாற்காலி சாய எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "வாங்க சம்பந்தி. எத்தனை நாளாச்சு!"

"கதவு... கதவு நல்லாத்தாங்க இருக்குது" என்றார் பாய். "குடுத்ததுல தப்பே இல்ல."

அதற்கப்புறம் யார் யாரை அனுப்பினார், யார் யாரைக் கேட்டார் என்பதெல்லாம் பிரியாணித் தட்டுகளுக்கு நடுவே காணாமல் போனது. சாயங்காலம் வஹிதா பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் அமீனா. வண்டி தர்மபுரி ரோட்டில் ஏறியது.

பாய்க்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "நேரா கிளம்பியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனா? இந்தக் கருவி வழி தவறினதாலதானே எல்லாம் கூடி வந்துச்சு? அல்லாவோட கருணை. ஆனா ஒண்ணு வஹிதா, நாங்க திடீர்னு வந்து நிக்கறோம், அதுக்குள்ள எப்படிம்மா பிரியாணி தம்முல இருந்துச்சு? உன் துணிமூட்டைகூட கட்டி ரெடியா இருந்துச்சே?"

வஹிதா அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா நேத்தே சொல்லியனுப்பிட்டாங்கத்தா, மத்தியான சாப்பாட்டுக்கு நீங்க வழி தவறி வந்துருவீங்கன்னு."