அம்மாக்களுக்கு மார்க் போடும் ஃபால்ஸ் அக்கா

தாய்லாந்தில் எந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தாலும் மண்ணூர்பேட்டையில் ஒருத்தருக்குத்தான் முதலில் நெற்றி சுடும். அவர் ஃபால்ஸ் அக்கா.

புடவையின் கீழ்க்கரையில் உள்பக்கமாக ஒரு துணிப்பட்டை வைத்துத் தைப்பார்களே, அந்த ஃபால்ஸ். மிஷினில் ஓட்டிக் கொடுக்க ஊரெல்லாம் ஆள் உண்டு. கையால், வெளியே ஒரு நூல் தெரியாமல் தைப்பது எங்கள் தெருவில் அவர் ஒருத்தர்தான். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். எனக்குப் பத்து வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்கள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

மாடிப்படிக்கு அடியில் கடை. அவர் உட்கார்ந்தது போக ஒரு முக்காலிக்கு இடம் இருக்கும். நூல் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருப்பார். கண் போனில், கை புடவையில். ஊசி தானாக ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும். போனில் ஓடுவது நம்ம ஊர் சீரியல் இல்லை. தாய்லாந்து, கொரியா, தைவான், ஜப்பான் தொடர்கள். பையனும் பையனும் காதலிக்கிற தொடர்கள். கோலம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாராம், அடுத்து இதுவாகவே வந்து நின்றதாம். வந்ததைப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் நான் முக்காலியில் உட்கார்ந்தபோது இரண்டு பையன்கள் முகத்தோடு முகம் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கூச்சத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாக்கா, சுவத்துல வேற படம் ஓடுதா?" என்றார்.

கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். அக்கா எட்டாவது, நான் ஐந்தாவது. இரண்டையும் கூட்டினாலும் அந்த எழுத்து ஓடுகிற வேகத்துக்கு வராது. அக்காவுக்கு அதில் வருத்தமே கிடையாது. "எழுத்தப் பாத்தா மூஞ்சியப் பாக்க முடியாதுக்கா. பொய்யெல்லாம் எழுத்துலதான் கீது" என்பார். வசனத்தை அவரே போட்டுவிடுவார். கொரியாக்காரப் பையன் வாயைத் திறந்தால், "இன்னா நைனா, நேத்துலேர்ந்து மொறைச்சிக்கினே கீற?" என்று மண்ணூர்பேட்டை பாஷை வரும். வாயசைப்பும் பொருந்தித்தான் இருக்கும்.

அவருடைய அபிப்பிராயங்களைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகவே ஆகாது.

"தாய்லாந்து பசங்க எல்லாம் இஞ்சினீரு காலேஜு. ஒருத்தன் புஸ்தகத்தத் தொறந்து நான் பாத்ததில்ல. தடுக்கி வுழுவானுங்க. ஒருத்தன் வுழுந்தா இன்னொருத்தன் இடுப்பப் புடிப்பான். வுழுறதுக்கே ரெண்டு நிமிசம். அதுக்குள்ள நான் ஒரு முழம் தைச்சிருவேன்."

"கொரியா எட்டு எபிசோடு. ஏழு எபிசோடு பாத்துக்கினே கீறானுங்க. நம்ம ரேசன் கடை வரிசையில நின்னாக்கூட அதுக்குள்ள பேசிருவோம்."

"ஜப்பான்தான் நல்ல புள்ளைங்க. சமைக்கிறான், பரிமாறுறான், கையக் கூப்பிக்கினு சாப்புடுறான். ஊட்டப் பெருக்கி வெச்சிருக்கான் பாரு!"

காய்ச்சல் வந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார்களாம், ஒரு மாத்திரை கொடுக்க ஆளில்லையாம். எல்லா ஊரிலும் மழை பெய்கிறதாம், எந்த ஊரிலும் இரண்டாவது குடை கிடையாதாம். எல்லாவற்றையும்விட அவருக்குப் பொறுக்காதது சட்டை. "பட்டன் வெச்சுத் தைச்சவன் இன்னாக்கா பாவம் பண்ணான்? மேல மூணு பட்டன் போடறதே இல்ல. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கறதுக்கு எவ்ளோ கஷ்டம்னு இவனுங்களுக்குத் தெரியுமா?"

ஒருமுறை ரவிக்கை கொண்டுவந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கர்மம் இது, ஆம்பளையும் ஆம்பளையும்" என்று முகத்தைச் சுளித்தாள். அக்கா ஊசியை நிறுத்தவில்லை.

"உன் சீரியல்ல நேத்து இன்னா நடந்துச்சு?"

"அண்ணிக்காரி பால்ல விசத்தக் கலந்துட்டா."

"அத புள்ளைய மடில போட்டுக்கினு பாத்த. இங்க ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கஞ்சி வெச்சிக் குடுக்கறான். எதும்மா கர்மம்?"

அந்தப் பெண் ரவிக்கையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வாங்க வந்தவள், "அந்தக் கஞ்சி குடிச்சவனுக்கு சரியாயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கடை ஷட்டரின் உள்பக்கம்தான் அக்காவின் பரீட்சைப் பலகை. துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் பத்துக்கு இத்தனை என்று ஒவ்வொரு தொடருக்கும் மார்க் எழுதி வைப்பார். பக்கத்தில் தனியாக ஒரு வரிசை, அந்தத் தொடர்களில் வரும் அம்மாக்களுக்கு. அங்கே பூஜ்யம், ஒன்று, அரை. இரண்டுக்கு மேல் எந்த நாட்டு அம்மாவும் போனதில்லை. "ஒண்ணு, செத்துப்போயிடுது. இல்லாட்டி பெரிய கார்ல வந்து எறங்கி, அந்தப் பையன் மூஞ்சில தண்ணிய ஊத்திட்டுப் போவுது. ஒருத்தியாவது 'சாப்டியாடா'ன்னு கேக்கறாளா?"

அப்பாக்களுக்கு எத்தனை என்று கேட்டேன். "அப்பனுங்க பேப்பரெல்லாம் நான் திருத்தறதில்ல."

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே பிள்ளை, செந்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. முப்பத்துமூன்று வயது. நான்கு வருஷமாகத் திருநின்றவூரில் பாஸ்கர் என்கிற சினேகிதனோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தான். ஞாயிறுதோறும் என்னைப் பார்க்க வருவான். பாஸ்கர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவான். ஆனால் உள்ளே வரமாட்டான். "வண்டியப் பாத்துக்கறேன்மா" என்று வாசலிலேயே நிற்பான். அந்த ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு போக யாரும் வரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

பெண் பார்த்தால் செந்தில் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுவான். ஒரு பெண் உயரம் அதிகம் என்றான், அடுத்த பெண் குறைச்சல் என்றான். மூன்றாவது பெண் சரியான உயரம், அதனால் அவளுடைய ஊர் தூரம் என்றான். பொறுத்துப் பார்த்துவிட்டு, அவனைக் கேட்காமலேயே வெள்ளானூரில் ஒரு பெண்ணைப் பார்க்க ஞாயிறு பத்து மணி என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவன் காரணம் எதுவும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்மா" என்றான். அதற்குக் கட்டிக்கொள்ள எடுத்த பட்டுப்புடவையைத்தான் அக்காவிடம் ஃபால்ஸுக்குக் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் முக்காலியில் இருந்தபோது பெரிய மழை. எதிரே டீக்கடை ஓரமாகச் செந்திலும் பாஸ்கரும் வண்டியை நிறுத்தினார்கள். எங்களைப் பார்க்கவில்லை. இருந்தது ஒரு மழைக்கோட்டு. பாஸ்கர் அதைச் செந்திலுக்குப் போட்டுவிட்டு, கழுத்துவரை ஒவ்வொரு பட்டனாக மாட்டிவிட்டான். பிறகு தன் சட்டை நுனியால் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்து, அவன் தலையில் கவிழ்த்து, வாரைப் பூட்டினான். பாஸ்கர் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான்.

அக்கா போனை நிறுத்தினார். அவர் போனை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"எல்லா பட்டனும் போட்டுட்டான்" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "வெள்ளானூரு எத்தினி மணிக்குக்கா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம பத்து."

"ம்."

சனிக்கிழமை புடவை வந்தது. ஞாயிறு காலை பிரித்துக் கட்டினால், ஃபால்ஸ் என் இடுப்பில் இருக்கிறது! கீழே இருக்க வேண்டியதை மேல்கரையில் தைத்து வைத்திருக்கிறார். இருபது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. கையில் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அய்ய! கடைசி எபிசோடுக்கா. கண்ணெல்லாம் தண்ணி, கர மாறிப்போச்சு. குந்து, பிரிச்சுத் தைச்சுத் தரேன்."

"மணி எட்டரை ஆவுது. வேற புடவை கட்டிக்கிறேன்."

"குந்துக்கா."

உட்கார்ந்தேன். போனை என் மடியில் வைத்துவிட்டு, குண்டூசியால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தார். தைவான் தொடர். ஒரு பையன் அவன் அம்மாவின் எதிரே தலையைக் குனிந்து நிற்கிறான். அக்கா வழக்கம்போல வசனம் போட்டார். ஆனால் குரல் வழக்கம்போல இல்லை.

"'நீ சொன்னா கட்டிக்கறேம்மா. நான் சும்மா இருந்துருவேன், அவனும் சும்மா இருந்துருவான். வர்ற பொண்ணு இன்னா பண்ணுச்சு? அதுவும் ஒருத்தி பெத்த புள்ளதானே?'"

அந்தப் பையன் வாயே அசைக்கவில்லை. எனக்குச் சீனமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் அவர் எந்த வீட்டுக் கதையைச் சொல்கிறார் என்று தெரிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தவள்தானே நான். பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க எனக்கு நன்றாகவே வரும்.

"அந்த அம்மா இன்னா சொல்லுது?" என்றேன்.

"தெரியலக்கா. இன்னும் வாயத் தொறக்கல."

அக்கா அடுத்த தையலைக் குண்டூசியால் நெம்பினார். ஒன்பதரைக்கு வெள்ளானூருக்குப் போன் போட்டேன். கூச்சத்தில் வேறு காரணம் எதுவும் வரவில்லை. "ஃபால்ஸ் சரியில்ல, வரமுடியாது" என்றேன். "எதும்மா சரியில்ல?" என்று அவர்கள் மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். அதற்குமேல் அவர்கள் பேச்சை வளர்க்கவில்லை.

வீட்டுக்குப் போனால் பாஸ்கர் வாசலில் நிற்கிறான். உள்ளே செந்தில் போட்டிருந்த சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அதைத் தேய்த்துக் கொடுத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை.

"வெள்ளானூர் போகல" என்றேன் செந்திலிடம். அவன் என்னையே பார்த்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "வெயில்ல ஏம்பா நிக்கற? வண்டி எங்கயும் போவாது. சாப்டியா?" என்றேன்.

நான்கு வருஷத்தில் முதல்முறையாகப் பாஸ்கர் செருப்பைக் கழற்றினான்.

இரண்டு தட்டு வைத்தேன். அவசரத்தில் வைத்த சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன். செந்தில் வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். பாஸ்கர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஷட்டரில் அம்மாக்கள் வரிசைக் கடைசியில் புதிதாக ஓர் ஒன்பது. பக்கத்தில் எந்த நாட்டுப் பெயரும் இல்லை.

"ஒண்ணு ஏன் கொறைச்ச?" என்றேன்.

"உன் புள்ள சொன்னான், சாம்பார்ல உப்பு இல்லியாமே."

மடிப்புக் கலையாமல் என் புடவை பையில் இருந்தது. பிரித்தெடுத்த நூலும் அதிலேயே கிடந்தது. அதில் ஒரு முடிச்சுகூட இல்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும்படி தளரத் தைத்த தையல். அதைத்தான் ஒரு மணி நேரம் குண்டூசியால் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரோடு தைத்ததாகச் சொன்னாரே, மேல்கரையில் ஊசித் தடம் ஓர் இடத்தில்கூடக் கோணவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

இப்போது திருநின்றவூரில் பிள்ளைகளோடு இருக்கிறேன். இங்கேயே ஃபால்ஸ் தைக்கிறவர்கள் நான்கு பேர் உண்டு. ஆனாலும் மாதம் ஒருமுறை பையில் ஒரு புடவையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறி, அக்கா கடைக்குப் போகப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறேன். "அதுக்குள்ள இன்னொரு ஃபால்ஸ் போயிடுச்சாம்மா?" என்று பாஸ்கர் ஆச்சரியப்படுகிறான்.

போகவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம், அவர்கள் வேலைக்குப் போனபிறகு, நன்றாக இருக்கிற ஃபால்ஸை உட்கார்ந்து நானேதான் பிரிக்கிறேன்.