எட்வின் ஹார்ப்பரின் எள்ளுப்பேரன்

அட்டைக்கும் பாம்புக்கும் குளவிக்கும் எனக்குப் பயமில்லை என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன். (தோட்டத்தில் பிறந்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். குளவிக்குப் பயப்படாத ஒருவனை நான் இன்னும் பார்த்ததில்லை.) ஆனால் நான் மெய்யாகவே நடுங்கிப்போன நாளில் பாம்பும் இல்லை, குளவியும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய, பூப்போட்ட சட்டை அணிந்த, மிகவும் அன்பான ஓர் ஆங்கிலேயப் பெண்மணிதான் இருந்தார். அவர் என் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்று சொல்ல ஆசை. ஆனால் தொடங்கி வைத்தவன் நான்.

எங்கள் வீடு குருவிட்டவுக்கு மேலே, தேயிலையும் இறப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் இருந்தது. அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. ஒரு டிவிசன் முழுவதையும் மேற்பார்வை செய்கிறவர். அவர் மலையின் இந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினால், அந்தப் பக்கம் வெற்றிலை போட உட்கார்ந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். நான் உயர்தரம் முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றும் முடித்து, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்தேன்.

அப்போது எஹலியகொடையிலிருந்த ஒரு நண்பன் என் காதில் ஓதினான். பாட்டனோ பாட்டியோ இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அங்கே போய் வேலை செய்ய விசா கிடைக்குமாம். எனக்கு உடனே அப்பாவின் கண்கள் ஞாபகம் வந்தன. நிழலில் பார்த்தால் பழுப்பு, வெயிலில் பார்த்தால் பச்சை. தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கே 'பூனைக்கண் வீடு' என்றுதான் பெயர்.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தோட்டத்துக்குள் வெள்ளைக்காரர் காலத்துச் சின்னத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ஒரு பித்தளைப் பட்டயம்: எட்வின் ஹார்ப்பர், இன்ன ஊர், படையில் சார்ஜன்டாக இருந்தவர், பிறகு இந்தத் தோட்டத்தில் சின்னத்துரை (உதவி மனேஜர்), காய்ச்சலில் இறந்தார். வெள்ளைக்காரச் சின்னத்துரை, பச்சைக் கண் கணக்கப்பிள்ளை. இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது.

எஹலியகொடை நண்பன் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். இங்கிலாந்துக்காரர்கள் எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார்கள் போல. எட்வினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கிராமத்துக் கோயிலின் பதிவு கிடைத்தது. அப்பா பெயர், அம்மா பெயர், அப்பாவின் தொழில் (செருப்புத் தைப்பவர்) எல்லாம் அதில் இருந்தது. பிறகு அவனுடைய படைப் பதிவும் கிடைத்தது. உயரம், மேனி நிறம், இடது கன்னத்தில் தழும்பு. கண் நிறம் என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஆங்கிலச் சொல். அகராதியைப் புரட்டினேன். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் என்று போட்டிருந்தது. கதிரையிலிருந்து துள்ளியெழுந்ததில் தலை அலுமாரியில் இடித்தது. அந்த வீக்கத்தோடுதான், குடும்ப வரலாறு தேடுபவர்களின் பக்கம் ஒன்றில், "நான் சார்ஜன்ட் எட்வின் ஹார்ப்பரின் எள்ளுப்பேரன்" என்று எழுதினேன். அப்பாவின் படத்தையும் போட்டேன். அடையாள அட்டைக்கு வேண்டும் என்று பொய் சொல்லி, அவரை வெயிலில் நிறுத்தி எடுத்த படம் அது.

(எள்ளுப்பேரனுக்கெல்லாம் விசா கிடையாது என்பதைப் பின்னால்தான் வாசித்தேன். அவசரக்காரன் எதையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பதில்லை.)

மார்கரெட் என்பவரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. எட்வினின் தம்பி வழியில் வந்தவராம். ஓய்வுபெற்றதிலிருந்து எட்வினைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாராம். "இலங்கைக்குச் சுற்றுலா வருகிறேன். உங்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்வினுக்கு இங்கே கல்யாணப் பதிவு எதுவும் இல்லை. அப்படியானால் நான் உலகத்துக்கு அறிவித்திருப்பது என்ன? அப்பாவின் கொள்ளுப்பாட்டிக்கும் ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரைக்கும் தொடர்பு இருந்தது என்று. அதுவும் அப்பாவின் படத்தோடு! அன்றிலிருந்து அப்பா செருமும்போதெல்லாம் என் கையில் இருப்பது கீழே விழுந்தது. அம்மா எனக்குக் கண்ணாடிக் கிளாஸில் தேநீர் தருவதை நிறுத்தி, தகரக் கோப்பைக்கு மாற்றினார்.

மார்கரெட் வருவதாகச் சொன்னது அடுத்த வாரம். குருவிட்டவிலேயே அவரைச் சந்தித்து, அப்பாவுக்குக் கடுமையான தொற்றுநோய் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது என் திட்டம். ஆனால் அவருடைய பயண ஒழுங்கு மாறிவிட்டது. அதை அவர் எனக்கு எழுதவும் செய்தார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. கோயில் பாறைக்கு ஏற வேண்டும். அன்றைக்கு என்னை யாரும் வெளியே விடவில்லை. அன்றுதான் செல்வி அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ரவீந்திரன் கலவானைக்காரர். இரத்தினபுரியில் நர்ஸாக வேலை. அவருடைய அம்மா வந்ததிலிருந்து சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர், கூரை, என் தலைமயிர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் வந்த ஒரு இடம் தட்டிப்போயிருந்ததால், அம்மா வடைத் தட்டைக் கீழே வைக்காமல் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"மல்லி, மே நோனா ஒயாலகே நேதாயெக்லு!" (தம்பி, இந்த வெள்ளைக்காரம்மா உங்க சொந்தக்காரங்களாம்!)

எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாதவர் யாரும் இல்லை. கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"என்னடா சொல்றான் அவன்?" என்றார் அப்பா.

"சொந்தக்காரங்க மாதிரி நல்லாப் பழகுவாங்களாம்பா. டூரிஸ்ட்."

அதற்குள் மார்கரெட் இறங்கி, படியேறி, நேராக அப்பாவிடம் வந்துவிட்டார். ஒரு கணம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிப்பிடித்தார். அப்பாவின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் விறைத்து நின்றன. அவருடைய வாழ்க்கையில் அம்மாகூட நாலு பேர் முன்னால் அவர் கையைத் தொட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா கடித்த வடையை மெல்லாமல் வைத்திருந்தார்.

நான் என்னையறியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது மட்டுமே ஆறுதல். இரண்டு பக்கமும் என் வாய் வழியாகத்தானே பேச வேண்டும்?

"உங்கள் அப்பாவுக்கு அப்படியே எட்வினின் கண்கள்!" என்றார் மார்கரெட்.

"தோட்டத்த ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கனு சொல்றாங்கப்பா."

அப்பாவின் முகம் கொஞ்சம் இளகியது. "இந்த டிவிசன் பூரா நாந்தான் பாக்குறேன்னு சொல்லு."

"உங்களைக் கண்டதில் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லையாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

மார்கரெட்டின் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார்.

"ஏந்தம்பி அழுகுறாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவையாக வாய் திறந்தார்.

"வட காரம்ங்க."

அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார். மார்கரெட் வடையைத் தொட்டிருக்கவே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, எட்வின் இங்கே சின்னத்துரையாக இருந்ததையும் என்னை இணையத்தில் கண்டதையும் சொல்லி, அவர் மேலும் உற்சாகமானார். "ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? எங்கள் எட்வின் பெரிய வீரன் இல்லை. படைப் பதிவைப் பார்த்தால், எங்கே சண்டை வரும் போலிருந்தாலும் அவன் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருக்கிறான். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பயந்தால் வயிறு வலிக்குமா?"

நான் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இதை என்னவென்று மொழிபெயர்ப்பது என்று யோசிக்கும்போது, கூடத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

நர்ஸ் படிப்பை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வடை, தோட்டம், பேச்சே வராத அப்பா எல்லாவற்றையும் இந்த மனிதர் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்! அக்காவின் கல்யாணம் என் கண் முன்னாலேயே வேனில் ஏறிக் கலவானைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா சிரிக்கிற? என்ன சொல்றாங்க அவங்க?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கும்பிட்டேன். அவர் மெதுவாகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, இவங்க பாட்டன் வழியில ஒருத்தரு முந்தி இங்க சின்னத்தொரையா இருந்தாராம். தம்பி அவரப் பத்தி இன்டர்நெட்ல தேடிருக்காரு. இந்த வீட்டுக்காரங்க அவருக்குச் சொந்தமா இருக்கலாமோனு நெனச்சி வந்துருக்காங்க."

எவ்வளவு பக்குவமாகச் சொன்னார்! ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அப்பா செருமினார். என் கை தானாகவே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"எந்தக் காலத்து ஆளாம் அந்தச் சின்னத்தொர?"

மாப்பிள்ளை கேட்டுச் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே மாப்பிள்ளையிடம் பேசினார்.

"தம்பி, அவங்ககிட்ட சொல்லுங்க. நாங்க இந்தத் தோட்டத்து ஆளுங்களே இல்ல. எங்க தாத்தா இந்தியாவுலேருந்து வந்து எறங்குனது கேகாலப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்துல. இங்க வந்தப்ப எங்க அப்பாவுக்கே மீச மொளச்சிருச்சி. அந்தத் தொர அதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துருக்கணும். கண்ணு எங்க அம்மா வழி. அவங்க ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தானாம்."

இங்கிலாந்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் சொந்தக் குடும்பம் கேகாலையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னார். மார்கரெட் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "அவன் இங்கே யாருமில்லாமல் தனியாகச் செத்தான் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். இந்தப் பையன் எழுதியதைப் பார்த்ததும், பரவாயில்லை, அவனுக்கு ஒரு குடும்பம் இருந்தது என்று நினைத்தேன்" என்றார்.

அதுவரைக்கும் எனக்கு இருந்தது என் தோலைப் பற்றிய பயம். அதைக் கேட்ட பிறகு அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவர்தான் முதலில் தெளிந்தார். அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"அப்ப நான் தப்பான ஆளக் கட்டிப்புடிச்சிட்டேன், மன்னிச்சிக்கிருங்கன்றாங்க."

கதவுக்குப் பின்னால் அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை கதவைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது அம்மா. பிறகு, சுவர் கூரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையை மாற்றினார். "சர்ச்சு சாவி ஆபீசுல இருக்கு. வாங்க போவோம்னு சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையிடம். எல்லோரும் போனோம். தேவாலயத்தில் அப்பா தன் தோள் துண்டால் பட்டயத்தின் பாசியைத் துடைத்தார். மார்கரெட் அந்தப் பெயரின் மேல் விரல் வைத்து நின்றார். அவர் விரலை எடுக்கும்வரை அப்பாவும் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் போன பிறகு, நான் அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா அடிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அக்காவுக்கும் ரவீந்திரன் மச்சானுக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் சிரிப்பு பிடித்துவிட்டதாக மச்சான் இப்போது சொல்கிறார். நான் கண்ணால் கும்பிட்டதைப் பார்த்து இரக்கப்பட்டுச் சம்மதித்ததாகத்தான் முதல் வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு மார்கரெட்டிடமிருந்து அப்பாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. "தப்பான ஆளுக்கு, அன்புடன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்த வரி மட்டும் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்து வாசித்துக் காட்டுவார். டீவிக்கு மேலே அடுத்த அட்டை வரும்வரை அது நிற்கும்.

போன நத்தாருக்குத் தானும் பதில் போட வேண்டும் என்று அப்பா சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பட்டயத்தை மாதம் ஒருமுறை துடைக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்பதுதான் விஷயம். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. எழுதி முடித்து உறையை ஒட்டப்போனேன். அப்பா செருமினார்.

"ஒட்டாத. முதல்ல மச்சான்கிட்ட காட்டு."