உப்புத் தண்ணீர்க் கிழங்கள்

வெறும் உப்புத் தண்ணீர் குடித்த கிழட்டு எலிகள் மறுபடியும் தேறியிருந்தன. யோர்டிஸ் பரிசோதனைத் தாளை மேசையில் அறைந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். வயதானால் குடலின் நோய் எதிர்ப்புச் சக்தி மங்குகிறது. இளம் எலிகளின் புழுக்கையைக் கரைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கிழட்டு எலிகளுக்குப் புகட்டினால் அது திரும்புமா? பாதிக் கிழங்களுக்குக் கரைசல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிக்கு உப்புத் தண்ணீர். கரைசல் குடித்தவை மட்டும் தேற வேண்டும். எல்லாமே தேறினால் ஐந்து வருட உழைப்பு குப்பைக்குத்தான்.

"ஆறு வாரம் தர்றேன். வித்தியாசம் தெரியலேன்னா கடையைக் கட்டிடலாம்," என்றார் பேராசிரியர் ஸ்டூரே, இலவங்கப்பட்டை ரொட்டியைக் காபியில் முக்கியபடி.

"கட்ட மாட்டேன். எங்கேயோ அழுக்கு புகுந்திருக்கு. பிடிக்காம விடமாட்டேன்."

நேரே எலிக்கூடத்துக்குப் போனாள். எலிகளைப் பராமரிக்கும் டோர்கெல், எதிர் வரிசையில் இளம் எலிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"டோர்கெல், உப்புத் தண்ணிக் கூண்டுல இருக்கிற பழைய படுக்கை, கூடு எல்லாத்தையும் மாசம் ஒரு தடவை மாத்துறது போதாது, இனிமே வாரா வாரம் தூக்கிப் போட்டுடுங்க. ஒரு துரும்பு மிஞ்சக் கூடாது."

"கிழடுங்கம்மா அதுங்க. புதுசா கூடு கட்டத் தெம்பு ஏது?"

"ஒரு துரும்பு கூட!"

இரண்டு வாரத்தில் உப்புத் தண்ணீர் எலிகள் இன்னும் தேறின. வாரம் இரண்டு முறை மாற்றச் சொன்னாள். அவை கரைசல் எலிகளை முந்திவிட்டன. தீனியை மாற்றினாள், தண்ணீரைக் காய்ச்சினாள், படுக்கையைத் தினமும் மாற்றச் சொன்னாள். இரண்டரை வயதுக் கிழம் ஒன்று சக்கரத்தில் ஏறி ஓடத் தொடங்கியது.

கெடு முடிந்த அன்று ஸ்டூரேயே எலிக்கூடத்துக்கு இறங்கி வந்தார்.

"போதும் யோர்டிஸ். உப்புத் தண்ணிதான் இளமை மருந்துன்னு எழுதிடு."

அவளுக்கு அழுகை வந்தது. அழ மறுத்தாள்.

"ஒரே ஒரு தடவை. டோர்கெல், நாளையிலேருந்து படுக்கையைக் காலையும் சாயங்காலமும் மாத்துங்க!"

டோர்கெல் வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"ரெண்டு வேளையா? நடக்காதும்மா! நீ ஒவ்வொரு தடவை காலி பண்ணச் சொல்லும்போதும், கிழடுங்க குளிர்ல நடுங்கக் கூடாதேன்னு, எதிர் வரிசை இளசுங்க கட்டின கூட்டைப் புழுக்கை கிழுக்கை எதையும் உதறாம அப்படியே எடுத்து வைக்கிறேன். அதுங்களும் பாவம், ஒரு நாளைக்கு எத்தனை கூடுதான் கட்டும்?"