தியானத் தாளில் தொண்ணூறு கையெழுத்து

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இருபதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பெய்த மழை எட்டு மணிக்கு ஓய்ந்திருந்தது. ஒரகடத்தில் வானமும் வெளுக்கவில்லை, புழுக்கமும் குறையவில்லை. துளசிங்கத்துக்கு மட்டும் குளிரெடுத்தது. அவர் மனைவி கங்கம்மாள் பட்டுப்புடவையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீ போற எடத்துக்குத்தான். உன் பிரபு சார் போன் பண்ணாரு. நான் வந்து ரெண்டு வார்த்த பேசணுமாம்."

துளசிங்கம் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

வல்லக்கோட்டைச் சாலையிலுள்ள சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் பௌத்த தியானம் நடைபெறும். வருபவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். நடத்துபவர் மணிகண்டபிரபு; கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். புத்தர் காட்டிய வழியிலும் அவரால் செக் ஷீட் என்னும் சரிபார்ப்புத் தாள் இல்லாமல் நடக்க முடியாது. புதியவர்களுக்கு மூச்சைக் கவனிக்கவும் சரணம் சொல்லவும் கற்றுத்தர விரும்புபவர், தொண்ணூறு நாள் காலை நாலரை மணிக்குத் தம் வீட்டில் அரைமணி நேரம் தியானத்தில் அமர வேண்டும். நாளுக்கொரு கட்டம், கட்டத்துக்கொரு கையெழுத்து, அதை இட வேண்டியவர் வீட்டிலிருப்பவர்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே லைனில் ஒரே நட்டை முடுக்கி வந்த துளசிங்கத்திடம் இதுவரை எவரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. இன்று முப்பது புதியவர்கள் அவர் வாயைப் பார்த்து அமரப் போகிறார்கள். தாள் நிரம்பியிருந்தது. தொண்ணூறு கட்டங்களிலும் 'கங்கம்மாள்' என்றிருந்தது. அவற்றில் ஒன்றையும் கங்கம்மாள் எழுதவில்லை; எல்லாம் துளசிங்கத்தின் கைவண்ணம். அவர் ஒரு நாள்கூட நாலரைக்கு எழவில்லை. கேஸ் சிலிண்டரை எடைபோட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திடும் பெண்மணியிடம் அதை நீட்டும் துணிவு அவருக்கு எப்படி வரும்?

"ரெண்டு மணி நேரம் தரையில ஒக்காரணும். உனக்கு முட்டி வலி."

"செவுத்துல சாஞ்சிக்கிறேன்."

"போனெல்லாம் வாங்கி வெச்சிடுவாங்க."

"நல்லதாப் போச்சி. உங்கக்கா கூப்டாது."

"யாரும் வாயே தொறக்கக் கூடாது, கங்கா!"

"நீயுமா?"

"நானுந்தான்."

"அப்ப கண்டிப்பா வர்றேன். வண்டிய எடு."

கூடத்தின் வாசலிலேயே பலகையில் அந்தத் தாள் தொங்கியது. கங்கம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டினார். ஆகஸ்டு மாத இறுதியில் விரல் நின்றது. அந்த மாதத்தின் கடைசிப் பன்னிரண்டு நாளும் அவர் மகளின் பேறுகாலத்துக்காக வேலூரில் இருந்தார். திரும்பிக் கணவரை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். முப்பது ஆண்டு இல்லறத்தில் துளசிங்கம் அஞ்சக் கற்றுக்கொண்டது அந்தப் பார்வையைத்தான்.

முன்வரிசையில் கங்கம்மாள் அமர, துளசிங்கம் சரணத்தைத் தொடங்கினார். "புத்தம் சரணம் கச்சாமி" என்று முப்பது குரல்கள் திருப்பிச் சொல்லின. பின்னர் ஐந்து உறுதிமொழிகள். கொல்லாமை, களவாடாமை, ஒழுக்கம் பிறழாமை ஆகிய மூன்றும் தடையின்றி வந்தன. நான்காவதை அவர் இருமுறை தொடங்க வேண்டியிருந்தது.

"பொய்... பொய் பேசாதிருக்க உறுதி ஏற்கிறேன்."

கங்கம்மாளின் குரல் மற்ற எல்லாக் குரல்களுக்கும் மேலே கணீரென்று ஒலித்தது.

அடுத்த இருபது நிமிடம் மௌனம். மூச்சைக் கவனிக்கச் சொன்னவருக்குத் தம் மூச்சு இருக்கிறதா என்பதே ஐயமாக இருந்தது. கங்கம்மாளின் வளையல் குலுங்கும் போதெல்லாம், 'இதோ எழுந்துவிட்டாள்' என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். தம்மிடம் வேலை கற்ற இளைஞர்களின் முன்னிலையில், 'திருட்டுக் கையெழுத்து' என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்று மனத்துக்குள் கேட்டுக்கேட்டு வியர்த்தார்.

மணி ஒலித்தது. மணிகண்டபிரபு எழுந்தார்.

"அம்மா, இந்தக் கையெழுத்தெல்லாம் உங்களோடதுதானே?"

துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா சார், என்னுதுதான்."

அவருக்கு உயிர் வந்தது. புத்தர் படத்தை நன்றியோடு பார்த்தார்.

"ஆனா சார், இதுல பாதிதான் கீது."

"என்ன பாதிம்மா?"

"நாலரைக்கு ஒக்காருவாரு, சரி. அஞ்சு மணிக்கு எழுந்து சும்மாவா இருப்பாரு? தண்ணி புடிப்பாரு. வாசலப் பெருக்குவாரு. ராத்திரி போட்ட பாத்திரத்த வெளக்கி வெப்பாரு. அப்புறம் எனக்கு டீ போட்டு எழுப்புவாரு. அதுக்கெல்லாம் கட்டமே காணோமே சார்?"

கூடம் கைதட்டியது. மணிகண்டபிரபுவின் கண்கள் கலங்கின. "இதுதான் பெஸ்ட் பிராக்டிஸ்! அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாருக்கும் இதுவே ஸ்டாண்டர்டு. துளசிங்கம், இதெல்லாம் உண்மைதானே?"

இல்லை என்றால் தொண்ணூறு கையெழுத்தின் குட்டும் வெளியே வரும். துளசிங்கம் தலையை மேலும் கீழும் அசைத்தார்.

பின்வரிசையில் இருந்த சக தொழிலாளி இசக்கிபாண்டி தலையில் கைவைத்தார். "யண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீய! கூட்டம் முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு போன் போட்டு யாராச்சும் சொல்லிருவாவளே!"

திரும்பும் வழியில், தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு ஒதுங்கி வண்டியை நிறுத்திய இடத்தில், துளசிங்கம் மெல்லக் கேட்டார்.

"இன்னா கங்கா, இப்டிப் பொய் சொல்லிட்டியே?"

"நானா? பொய் பேசக் கூடாதுன்னு இப்பத்தான சொல்லிக் குடுத்த? நாளைக்கு நாலரைக்கு எழுந்தின்னா அது பொய்யே இல்ல. வண்டிய எடு."

அதன் பின்னர் நடந்தவை இவை. மறுநாள் நாலரைக்குக் கங்கம்மாள் அலாரம் வைத்தார். துளசிங்கத்தை எழுப்பிவிட்டுத் தாம் மறுபடி படுத்துக்கொண்டார். புதிய செக் ஷீட் நாளுக்கு ஐந்து கட்டங்களோடு அச்சாகி, பயிற்சியிலிருந்த பதினான்கு பேரின் வீடுகளுக்குச் சென்றது. இசக்கிபாண்டி இரண்டு ஞாயிறு துளசிங்கத்தோடு பேசவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் மணிகண்டபிரபு, புதியவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பைக் கங்கம்மாளிடம் ஒப்படைத்தார். துளசிங்கத்துக்கு வீட்டில் வேலை அதிகம் என்று கங்கம்மாளே அவரிடம் சொன்னாராம்.