கிறுகிவா அண்ணனின் கோடு

எங்கள் வாவியில் முதலைக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். கிறுகிவா அண்ணனுக்குப் பயப்படாத ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. முதலையாவது எப்போதாவதுதான் வாயைத் திறக்கும்.

கிறுகு என்றால் எங்கள் மட்டக்களப்பில் திரும்பு என்று அர்த்தம். ஞாயிறு பின்னேரங்களில் கல்லடிப் பக்கத்து வாவிக்கரையில் நாங்கள் கொஞ்சப் பேர் கூடி, ரிமோட்டில் ஓடும் சின்னப் பாய்மரப் படகுகளைப் போட்டிக்கு விடுவோம். வாத்தியார், வங்கிக்காரர், ஐஸ் கம்பனிக்காரர் என்று எல்லாம் தலை நரைத்த பிள்ளைகள். அங்கே தொடக்கக் கோட்டுக்கு அதிபதி கிறுகிவா அண்ணன். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

பாய்மரப் படகைக் கோட்டில் நிறுத்தி வைக்க முடியாது, காற்று விடாது. அதனால் கோட்டுக்குப் பின்னால் அங்குமிங்கும் ஓட்டிக்கொண்டே இருந்து, விசில் ஊதியதும் தாண்ட வேண்டும். ஊதுமுன் மூக்கு நுனி நீண்டாலும் போச்சு. அந்தப் படகு திரும்பி வந்து, முழுதாகக் கோட்டுக்குப் பின்னால் போய், மறுபடி புறப்பட வேண்டும். அதற்குள் மற்றவர்கள் பாதி வாவியைக் கடந்திருப்பார்கள். உலகம் முழுக்க இதுதான் விதி. ஆனால் உலகம் முழுக்கக் கிறுகிவா அண்ணன் இல்லையே!

அவர் முழங்கால் தண்ணீரில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார். கதிரை கோட்டின் ஒரு முனை. அப்பால், கல்லுக் கட்டி மிதக்கவிட்ட செம்மஞ்சள் பிளாஸ்டிக் கான் மறுமுனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்க்கத் தொடங்கினால், இறால் வந்து கால் விரலைக் கடித்தாலும் அசையமாட்டார். விசில் ஊதிய அதே மூச்சில், "நீலப் பாய் கிறுகி வா! வாத்தியார்ர படகு கிறுகி வா!" என்று தொடங்கிவிடுவார். படகுக்குத்தான் 'வா', ஆளுக்கு எப்போதும் 'வாங்க'. மரியாதை தெரிந்த மனிதர்.

நீலப் பாய் என்னுடையது. அந்தக் கோட்டை நான் ஒரே தரத்தில் தாண்டியதாக ஞாபகம் இல்லை.

"அண்ணன், ஒரு விரலளவுதானே முந்தின?" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"விரலெண்டா என்ன, நகமெண்டா என்ன மனே? முந்தினா முந்தினதுதான். கிறுகுங்க."

பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு முன் வெளிக்கிட்ட வாழைச்சேனை பஸ்ஸை, முட்ட முட்ட ஏறிய சனத்தோடு, ரிவர்ஸிலேயே நிலையத்துக்குள் வரவைத்தாராம். பிந்திப் போன பஸ்ஸைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, தோணியில் வந்த மீனவர் ஒருவர் எங்கள் செம்மஞ்சள் கானைக் கண்டார். யாரோ வலையிலிருந்து கழன்ற மிதப்பு என்று நினைத்து, கல்லோடு தூக்கித் தோணியில் போட்டுக்கொண்டார். நாங்கள் கரையில் நின்று கத்தினோம். அவர் நன்றி சொல்கிறோம் என்று எண்ணிக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

"அந்த இடத்தில ஒரு கம்ப நடுவமா?" என்றேன்.

அண்ணன் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கதிரைக்கும் கானுக்கும் நடுவிலதான் கோடு. கான் போனா கோடும் போகும். அதுக்கு நான் என்ன செய்ய?"

தோணி போன பக்கமெல்லாம் கோடு சாய்ந்தது. எங்கள் படகுகள் இருந்த இடத்திலேயே கோட்டுக்கு முன்னால் ஆகிவிட்டன. வரிசையாக எல்லோரையும் கிறுகி வரச் சொன்னார். மீனவர் கரையேறி, கானைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, எங்கள் தொடக்கக் கோடு மீன் சந்தையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சகித்துக்கொண்டோம். சித்திரை வருடப்பிறப்புப் போட்டியில்தான் விஷயம் முற்றியது. எங்கள் சங்கத் தலைவர் ஒரு ஹோட்டல் முதலாளி. வெற்றிக் கிண்ணம் அவர் கொடுத்தது. கனடாவிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்துக்கு முன்னால் அதைத் தானே வாங்கவேண்டும் என்று ஒரு சின்ன ஆசை, பாவம். விசிலுக்கு முன்பே அவர் படகு மூக்கை நீட்டிவிட்டது.

"முதலாளிர படகு கிறுகி வா!"

முதலாளிக்கு அன்றைக்குப் பார்த்துக் காது கேட்கவில்லை. படகு பறந்தது, முதலாவதாக வந்தது. மைத்துனர் குடும்பம் கைதட்டியது. அண்ணன் சாரம் நனைய நடந்து கரைக்கு வந்தார்.

"என்னத்துக்குக் கைதட்டுறீங்க? அவர் இன்னும் வெளிக்கிடவே இல்லையே. வெளிக்கிடாத ஆள் எப்பிடி முதலாவதா வாற?"

கிண்ணம் ஐஸ் கம்பனிக்காரருக்குப் போனது. அடுத்த கிழமை வாவிக்கரையிலேயே கூட்டம். "அண்ணனுக்கு வயசு போகுது, தண்ணிக்குள்ள இரிக்கிறது உடம்புக்குக் கூடாது. ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் முதலாளி, தேன் ஒழுக. நாங்கள் தலையாட்டினோம். அந்த மனிதருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே உத்தியோகம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் எழுந்தார். "கதிரை என்ட" என்று மட்டும் சொல்லி, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

பிறகு நவீனம் வந்தது. போனில் ஒரு செயலி, ஸ்பீக்கரில் ஒரு மணி, கோட்டைப் பார்க்க ஆளில்லை. முதல் ஞாயிறு சொர்க்கம். அடுத்த ஞாயிறு எல்லோரும் ஒரு முழம் முந்தினோம். போகப் போக, முதலில் சுற்றவேண்டிய மிதப்புக்குப் பக்கத்திலேயே படகைச் சுழலவிட்டுக்கொண்டு மணிக்குக் காத்திருந்தோம். கடைசியில் வாத்தியாரும் வங்கிக்காரரும் ரிமோட்டால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அந்த அமளியில் முதலாளியின் படகு இடிபட்டு மூழ்கிப்போனது. நான் ஒரு போட்டியில் முதலாவதாக வந்தேன். வீட்டில் போய்ச் சொல்லக்கூட மனம் வரவில்லை, வெட்கக்கேடு.

"அவரக் கூட்டி வாங்கப்பா" என்றார் முதலாளியே. ஞாயிறு நாலு மணிக்கு வருகிறோம் என்று சொல்லியனுப்பினோம். குற்ற உணர்ச்சி வேகமாக நடக்கவைக்கும் போலிருக்கிறது, கொஞ்சம் முந்திப் போய்விட்டோம். அண்ணன் முற்றத்தில் அதே கதிரையில் இருந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எத்தின மணிக்கு வாறெண்டு சொன்ன நீங்க?"

"நாலு மணிக்கு அண்ணன்."

"இன்னும் ஆகல்லயே. கிறுகிப் போங்க. கேற்றுக்கு அங்கால."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரோட்டுக்குத் திரும்பினோம். பக்கத்து வீட்டுச் சனம் மதிலால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் கூப்பிட்டார்: "முதலாளி, உங்கட கால் இன்னும் உள்ள இரிக்கு." முதலாளி செருப்பை இழுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு விசில் கேட்டது. உள்ளே போனோம்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி என் காதருகில் சொன்னார்: "மத்தியானம் சோறும் திங்கல்ல தம்பி. விசிலக் கழுத்தில போட்டுக்கிட்டு கேற்றையே பாத்துக்கிட்டு இருந்த மனிசன்."

போன ஞாயிறு காற்று நன்றாக இருந்தது. விசில் ஊதியது. "நீலப் பாய் கிறுகி வா!" என்றது அந்தக் குரல். சந்தோசமாகக் கிறுகினேன்.