சித்தப்பாவின் சூட்கேஸ் மட்டும் வந்து சேர்ந்த விதம்

அம்பிட்டிய,
வியாழக்கிழமை. மழை.

மதிப்புக்குரிய றொட்னி சித்தப்பா அவர்களுக்கு,

கிஷான் எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய். நீங்கள் சுகமா என்று கேட்டால் கேலி மாதிரி இருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு, கர்த்தர் உங்களைக் காப்பாராக என்பதை மட்டும் முறைக்காக எழுதிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவை அடக்கம் செய்து ஒரு கிழமை ஆகிவிட்டது. பாதி வழியில் திரும்பி லண்டனுக்குப் போன நாளிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றைச் சரிக்கோட்டோடு நிற்கிறது. "எழுதிப் போடுடா, எழுத்துன்னா உங்க சித்தப்பா படிப்பாரு" என்று அம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான்: முப்பத்தோராம் நாள் பூசைக்கு நீங்கள் வர வேண்டாம். காரணங்களை ஒழுங்காகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசி அழ வேண்டாம். கடிதமாக இருப்பதால் பேசவும் முடியாது, அது ஒரு வசதி.

அப்பா போன அன்று காலையிலேயே நீங்கள் போன் பண்ணி, நம்ம நாட்டு விமானத்தில் நேரடியாக வருகிறேன், சீற் இருக்கிறது, நாளைக்கே ஏறிவிடுவேன் என்றீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அதை மறுக்கவில்லை. ஏன் வேண்டாம் என்றேன் என்பதை நீங்கள் அழுதுகொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன். நான் விமானப் பராமரிப்புப் படித்தவன். நாட்டில் இருக்கிற விமானங்களைவிட அதைப் படித்து முடித்த பையன்கள் அதிகம் என்பதால் கண்டி டவுனில் ஏசி மெஷின் திருத்திக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை. படிப்பு படிப்புத்தான். நம்ம நாட்டு விமானங்கள் கொஞ்சம். இருப்பதும் பழசு. ஒன்று படுத்துவிட்டால் அந்த இடத்துக்கு அனுப்ப இன்னொன்று கிடையாது. ஆனால் வளைகுடாவில் மாறி வருகிற அந்த ஹுத்ஹுத் எயார் இருக்கிறதே, மலிவுக் கம்பனிதான், தண்ணீர்ப் போத்தலுக்கும் காசு கேட்பான்தான், ஆனால் நாற்பது விமானமும் ஒரே வகை, எல்லாம் புத்தம் புதுசு, எஞ்சின் அதைவிடப் புதுசு. ஒரே வகை என்றால் என்ன அர்த்தம்? எந்த பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், ஒரு சாமான் எல்லாத்துக்கும் பொருந்தும், ஒன்று பழுதானால் பக்கத்தில் நிற்கிறதை எடுத்துக்கொண்டு போகலாம். கணக்கு அவ்வளவுதான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டேய், அங்க எங்க அண்ணன் படுத்துக் கெடக்காரு, நீ எனக்கு எஞ்சின் சொல்லிக்கிட்டு இருக்க." நான் சொன்னேன், "சித்தப்பா, அழுதா வந்து சேர மாட்டீங்க, எஞ்சின் இருந்தாத்தான் வந்து சேருவீங்க." இப்போதும் அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அக்கா, அதாவது புசல்லாவை அத்தை, மூக்கைச் சிந்திவிட்டு, "கவர்மெண்டு லங்கம பஸ் பழசுதான்டா, பொகைதான் விடும், ஆனா ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கிட்டே வீடு கொண்டுபோய்ச் சேத்துரும். ப்ரைவட் பஸ்ஸுக்காரன் பாட்டு நல்லாப் போடுவான், கம்பளையில எறக்கிவிட்டுட்டு அடுத்ததுல வாங்கம்பான்" என்றார். பஸ்ஸும் விமானமும் ஒன்றல்ல என்று விளக்கினேன். "எல்லாத்துலயும் மனுசந்தானே போறான்" என்றுவிட்டு அழப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்களோடு விவாதிக்க முடியாது.

நான் சொன்னபடியே நீங்கள் ஹுத்ஹுத்தில் ஏறினீர்கள், வளைகுடா வரைக்கும் ஒழுங்காகவும் வந்தீர்கள். அதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகுதான், அந்த எஞ்சினுக்குள் சுழல்கிற ஒரு தட்டில் வெடிப்பு இருக்கலாம், எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கும்வரை பறக்க வேண்டாம் என்று எஞ்சின் செய்தவர்களே அறிவித்தார்கள். ஒரே வகை என்பதால் நாற்பதும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தன. பக்கத்தில் நிற்கிறதை எடுக்கலாம் என்றேனே, பக்கத்தில் நின்றதும் அதே வகைதான். இது என் கணக்கில் பிழை இல்லை, கணக்கின் மறுபக்கம். படித்தவர்களுக்குப் புரியும். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "நீ வேணாம்னு சொன்னியே, அந்தப் பழசு, அது லண்டன்லேந்து வந்து எறங்கிருச்சாம்டா. நேரத்துக்கு முன்னாடியே வந்துருச்சாம்" என்றார். ஒரு தடவை நேரத்துக்கு வந்தால் அது புள்ளிவிவரம் ஆகாது என்று சொன்னேன். சாவு வீட்டில் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அடக்கத்தை ஒரு நாள் தள்ளினோம். பிறகு இன்னொரு நாள். அவர் தம்பி வந்து முகம் பார்க்காமல் மூட விட மாட்டேன் என்று அம்மா சவப்பெட்டியின் தலைமாட்டில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், பிளேன்டீயைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலில் திகதியை வெட்டி எழுதி, அதை வெட்டி மறுபடி எழுதி, கடைசியில் மழையில் மை கரைந்து அப்பா எந்த நாளில் அடக்கம் என்பது கர்த்தருக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது. புசல்லாவையிலிருந்து வந்தவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிற நாளையெல்லாம் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தார்கள். கூடாரத்துக்குக் கீழே சீட்டுக் கடதாசி விளையாடினவர்கள் விளையாடி அலுத்து, கடைசியில் எந்த விமானக் கம்பனி நல்லது என்று வாக்குவாதப்பட ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் விமானம் ஏறினவர் இல்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் செய்தி வந்தது: "நம்ம நாட்டு விமானத்துல மாத்தி விடுறாங்களாம். சூட்கேஸ ஏத்திட்டாங்க. நானும் வாறேன். போன் சார்ஜ் முடியுது." வீடே எழும்பி நின்றது. அடுத்த வீட்டு ஸெய்னுலாப்தீன் நானாவின் வேனில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போனோம். ஒருத்தரைக் கூட்டிவர இத்தனை பேர் எதற்கு, நீங்கள் வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்று கேட்டேன். யாரும் இறங்கவில்லை, சோத்துப் பார்சலோடு இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். வழியில் நான் நானாவிடம் அந்த மலிவுக் கம்பனியின் பெயரைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் கையைத் தட்டினார். "ஹுத்ஹுத் எண்டா ஸுலைமான் நபிட பறவ, தம்பி. அது நபிக்கிட்டயே சுணங்கித்தான் வந்த. வந்து சாட்டும் சொன்ன. அதுட பேர வெச்சவன நம்பி வீட்டுல மையத்த அடக்காம வெச்சிட்டு இருக்கீங்களே!" இதை டிக்கெட் எடுக்க முதல் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எஞ்சின மட்டுந்தானே கேட்ட" என்றார்.

விமானம் வந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள், ட்ரொலி தள்ளிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வளைகுடாவில் வேலை செய்து களைத்த முகங்களோடு. கடைசியாக விமானப் பணிப்பெண்களும் வந்து போய்விட்டார்கள். நீங்கள் வரவில்லை. உள்ளே விசாரித்தால், ஆளுக்கு இடம் இருக்கவில்லை, பொதிக்கு இருந்தது என்றார்கள். உங்கள் சூட்கேஸ் பொதி வருகிற பட்டியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஆள் இல்லாமல் தர முடியாது என்றார் அதிகாரி. நானா உள்ளே போய் சிங்களத்தில் அரை மணி நேரம் பேசி, 'பாசமிகு சகோதரர் றொட்னி (லண்டன்)' என்று போட்டிருந்த மரண அறிவித்தலைக் காட்டினார். "அனே, பவ்" என்று பாவப்பட்டு அந்த மனுசன் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்துவிட்டார்.

சித்தப்பா, வரும்போது உங்களுக்கென்று வேனில் விட்டிருந்த சீற்றில் உங்கள் சூட்கேஸ் உட்கார்ந்து வந்தது. கடுகண்ணாவை வளைவில் அது சரியாமல் இருக்க அத்தை அதன்மேல் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டார், பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனதும் அதை அப்பாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு, "அண்ணே, தம்பி வந்துட்டான் பாருங்கண்ணே" என்று கத்தினார் பாருங்கள், அதுவரை அழாமல் இருந்த ஆம்பளைகளும் அழுதுவிட்டார்கள். ஒரு சூட்கேஸுக்காக. அதன் கைப்பிடியில் இன்னும் ஹுத்ஹுத்தின் பெயர் போட்ட துண்டுச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிய்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள், அப்பாவின் உடம்புக்கு மருந்து போட்ட மலர்ச்சாலைக்காரர் வந்து பார்த்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டாந் தரமும் மருந்து போட்டாச்சு. இனி என்ட மருந்துக்கு கெரண்டி இல்ல." போர்மலின் எத்தனை வீதம் கலந்தீர்கள் என்று கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஃபாதரும் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "கிஷான், உங்க சித்தப்பா, மரிச்சவங்க எழும்புற உயிர்ப்பு நாளுக்காவது வந்து சேருவாரா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. ஆனால் கூடாரத்தில் யாரோ சிரித்தார்கள், சிரித்தவர் உடனே இருமிச் சமாளித்தார். அன்று பின்னேரமே அடக்கம் என்று முடிவாயிற்று.

மூட முன்னே உங்களுக்கு வீடியோ கோல் எடுத்தேன். விமான நிலையத்தின் இலவச வைஃபையில் வந்தீர்கள். போனை அப்பாவின் முகத்துக்கு மேலே பிடித்தேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், அப்படியே நின்றுவிட்டது படம். "தம்பி கதறுறான் பாருங்கடா, பெத்த வயிறு பத்துது, எங்கம்மா இருந்திருந்தா..." என்று அத்தை விழுந்தார், பெண்கள் எல்லோரும் சேர்ந்து விழுந்தார்கள். நான் ஒருத்தன்தான் போனுக்குப் பக்கத்தில் நின்றேன், எனக்குத்தான் தெரியும். நீங்கள் கதறவில்லை. "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கேக்குது என்றேன். உங்களுக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. இலவச நேரம் முடிந்துவிட்டது, மூடியைப் போட்டுவிட்டார்கள்.

இனி ஏன் வரக் கூடாது என்பதற்கு வருகிறேன். ஒன்று, பார்க்க வேண்டிய முகம் இல்லை. இரண்டாவது, நீங்கள் வேலை செய்யும் பராமரிப்பு இல்லத்துக்காரர்கள் சாவுக்குக் கொடுத்த லீவை நீங்கள் விமான நிலையத்துக் கதிரையிலேயே கழித்துவிட்டீர்கள், பூசைக்கு இன்னொன்று தரமாட்டார்கள். ஹுத்ஹுத் இன்னும் எஞ்சின் கழற்றிக்கொண்டிருக்கிறது, நம்ம நாட்டு விமானங்களைப் பற்றி நான் முன்பு சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, அவை பழசு, குறைவு, மாற்று இல்லை. மலிவுக்காரனிடம் விமானம் இருக்கிறது, எஞ்சின் இல்லை. நம்மிடம் எஞ்சின் இருக்கிறது, விமானம் இல்லை. இந்த நிலைமையில் ஒரு மனுசன் சும்மா லண்டனில் இருப்பதுதான் அறிவு. பூசையை நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன், இந்த முறை நல்ல டேட்டா போட்டு. உங்கள் சூட்கேஸ் அலுமாரிக்கு மேலே பத்திரமாக இருக்கிறது, யாரும் திறக்கவில்லை. அத்தை திறக்கப் பார்த்தார், நான் விடவில்லை. யாருக்கும் உங்கள்மேல் கோபம் இல்லை. என்மேல் இருக்கிறது என்று நினைக்கிறேன், சாப்பாடு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் அது வீட்டு விஷயம், நீங்கள் போனை எடுக்காமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

அம்மாவின் ஜெபமும் அத்தையின் முத்தமும் ஸெய்னுலாப்தீன் நானாவின் ஸலாமும் இத்துடன் வருகின்றன. அந்தோனியார் உங்களுக்கு நல்ல சுகத்தைக் கொடுத்து, இருந்த இடத்திலேயே இருக்கும் பொறுமையையும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் சுவக்கினின் மகன்,
கிஷான்

பி.கு.: எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எஞ்சினைப் பத்தி இவ்வளவு எழுதினியே, மண்ணைப் பத்தி எழுதினியா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கல்லறைக்கு சிமெந்து போட வந்த மேசன் பாஸை அம்மா நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டாராம், எனக்குச் சொல்லவில்லை. "எல்லாரும் ஒரு பிடி மண் போட்டாங்க. அவர் தம்பி மண் இன்னும் விழலை. விழாம அதை மூட விட மாட்டேன்." நான் இப்போதுதான் மேட்டுக் கல்லறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மழைக்கு மண் கரைகிறது, யாரோ ஒரு தறப்பாளைப் போட்டு நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறார்கள். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். லண்டனிலிருந்து நேரடியாக வருகிற நம்ம நாட்டு விமானத்தில் உங்கள் பெயருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், பூசைக்கு இரண்டு நாள் முந்தி. மாற்ற முடியாத வகை, காசு திரும்பி வராத வகை, வேண்டுமென்றே அதைத்தான் எடுத்தேன். கட்டுநாயக்கவுக்கு நான் தனியாக வருகிறேன், சீற் எல்லாம் காலியாக இருக்கும். எந்த விமானம், என்ன எஞ்சின் என்று நான் பார்க்கவில்லை.