டிஜிட்டல் டைரிக்குள் அறுநூறு ஜாதகம்

போன வாரம் எனக்குக் கொடுத்த வேலை இதுதான்: ஒரு டிஜிட்டல் டைரி வாங்கி, அது நம் மில்லுக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும்.

இதில் மத்தியானம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் சொன்னதை எழுதுகிறேன். கூட்டிச் சொல்லியிருந்தால் அது அவர் பொறுப்பு.

எங்களுடையது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில். தறிப் பக்கம் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நோட்டில் எழுதினாலோ பஞ்சும் எண்ணெயும் ஒட்டி ஒன்றும் விளங்காது.

"கால்குலேட்டர் மாதிரி இருக்கும்மா. பேரு, நேரம் எல்லாம் அதுக்குள்ளயே நிக்கும். நல்லது கெட்டது பாத்து எழுது," என்றார் மேனேஜர்.

என் பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமா, வீடா என்பது அவர் கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரிப்போர்ட் என்று ஒன்றை இதுவரை நான் எழுதியதேயில்லை.

புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாய் கடையில் பழசு ஒன்று இருந்தது.

"ஓடுமா பாய்?"

"பேட்டரி போட்டா ஆறு மாசம் ஓடும்மா. எம்புட்டு வேணும்னாலும் கொள்ளும்."

மூடி, திரை, பேட்டரி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன். பாதிப் பொத்தான்களில் எழுத்து தேய்ந்திருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். உள்ளே காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் திறந்தால், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"முருகேசன், சுந்தரபாண்டியம். அனுஷம். டிப்ளமோ. பல் எடுப்பு, ஆனால் தங்கமான பையன்."

"செல்வி, மகாராஜபுரம். ரோகிணி. டீச்சர். நாத்தனார் இல்லாத வீடாகப் பார்க்கவும்."

இப்படி அறுநூறு பேர். யாரோ ஒரு கல்யாணத் தரகரின் மொத்தப் பிழைப்பும் என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் முதலில் டைரியை மேசையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இனி வாட்ச்மேன் அண்ணன் சொன்னது: "மேனேஜர் வந்து அதை எடுத்தாரு. செத்த நேரம் நின்னுக்கிட்டே பாத்தாரு. பொறவு உன் நாற்காலில உக்காந்தாரு. பொறவு கதவைச் சாத்திட்டாரு."

மேனேஜர் மகனுக்கு முப்பத்தொரு வயது, செவ்வாய் தோஷம். மில்லுக்கே தெரியும்.

நான் திரும்பி வருவதற்குள் விஷயம் மில் முழுக்கப் பரவி, என் மேசை முன்னால் வரிசை நின்றது. முன்னால் கேன்டீன் அக்கா.

"ஏட்டி, எங்க தம்பிக்கு உத்திரட்டாதில ஒரு பிள்ளை பாரு."

"அக்கா, அது அடுத்தவங்க விவரம். சொல்லக் கூடாது."

"கல்யாணத்துக்குக் குடுத்த விவரம்தான? நானும் கல்யாணத்துக்குத்தான கேக்கேன்?"

நாலு தறி ஆளில்லாமல் நின்றது. ரிப்போர்ட்டில் 'கெட்டது' என்ற தலைப்பின் கீழ் அதை எழுதினேன்.

மூன்று மணிக்குத் தரகரே வந்துவிட்டார். பாய் கடையில் விசாரித்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவர் மகன் அதைப் பழசு என்று நினைத்து பாயிடம் விற்றுவிட்டானாம்.

"தாயி, அதுல ஊரே இருக்கு. அது இல்லாம ரெண்டு நாளா நான் யாருன்னே எனக்குத் தெரியல."

டைரி அப்போது மறுபடியும் மேனேஜர் கையில் இருந்தது. "செத்த இருங்க அண்ணாச்சி, செவ்வாய்னு அடிச்சா பதினோரு பிள்ளைக வருது. நம்பரை எழுதிக்கிடுதேன்," என்றார்.

"சார், அது அவரோடது. குடுத்துருவோம்," என்றேன்.

மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் கொடுத்துவிட்டார்.

தரகர் டைரியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ மேலத்தெரு பிள்ளைல்லா? நீயும் இதுல இருக்க தாயி." வாசித்தார்: "பட்டதாரி. அடக்கம். மில்லில் நிரந்தர வேலை."

"எனக்கு இன்னும் நிரந்தரம் ஆகலயே அண்ணாச்சி."

"உங்க அம்மா அப்படித்தான சொன்னாவ."

"தப்பு. தயவுசெஞ்சு அழிச்சிருங்க."

"சேக்க மட்டும்தான் தாயி தெரியும். அழிக்க வழியே இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாச்சு."

மேனேஜர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "சொன்ன சொல்லு பொய்யாகக் கூடாது. அந்தப் பதினோரு ஜாதகத்தை நாளைக்கு வீட்டுக்கே கொண்டுட்டு வாங்க அண்ணாச்சி," என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பைலை எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டைக் கேட்கவேயில்லை.

பிறகு பாய் கடைக்குப் போய் விசாரித்தேன். வலது ஓரத்தில் எழுத்து தேய்ந்திருந்த பொத்தான் அழிப்பதற்குத்தானாம். இதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.